போட்டோ ஷூட்டில் ஏதோ இடிக்கிறதா? குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சொந்த உபயோகத்துக்கோ பிராண்டுக்கோ ஷூட் நடந்துகொண்டிருக்கும். பாதியில் யாராவது கேமரா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னமோ நல்லா இல்லையே" என்பார். அடுத்த பேச்சு, "டிரஸ் மாத்திடலாமா?" என்பதாகத்தான் இருக்கும். ஷூட்டில் நேரத்தை அதிகம் தின்னும் வேலை உடை மாற்றுவதுதான். தலைமுடி கலையும், காலரில் மேக்கப் ஒட்டும், அடுத்த உடைக்கு இன்னும் இஸ்திரி போட்டிருக்க மாட்டார்கள். இதையெல்லாம் தாண்டி மாற்றிக்கொண்டு வந்தால், புது உடையிலும் அதே குறை பல்லைக் காட்டும். குறை தெரிவது உடையில் என்றாலும், காரணம் பல நேரம் லைட்டில் இருக்கும், கேமரா நிற்கும் தூரத்தில் இருக்கும், பக்கத்துச் சுவரில்கூட இருக்கும்.

அதனால் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆளை நகர்த்திப் பாருங்கள். அடுத்து லைட்டை நகர்த்துங்கள். பிறகு கேமராவில் மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். உடையில் கை வைப்பது அதற்கப்புறம்தான். எடிட்டிங்கை நம்புவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இன்னொன்று, கேமராவின் பின்பக்கத் திரையை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். முடிந்தால் கேமராவை லேப்டாப்புடன் இணைத்து, எடுக்க எடுக்கப் பெரிய திரையில் பாருங்கள். ஒரே படத்தை மூன்று அளவில் பார்க்க வேண்டும்: கட்டைவிரல் அளவில், திரை முழுக்க, அப்புறம் 100 சதவீதம் பெரிதாக்கி. சின்ன அளவில் பார்க்கும்போது கண் முதலில் எங்கே போகிறது என்பது தெரியும். திரை முழுக்க வைத்தால் நிறமும் பொருத்தமும் தெரியும். பெரிதாக்கினால்தான் நூல், முடி, கசங்கல் எல்லாம் தெரியும்.

குறை: சட்டையில் அலையலையாக விநோதக் கோடுகள்

நேரில் பார்த்தால் சட்டை நன்றாகத்தான் இருக்கிறது. படத்தில் மட்டும் நெஞ்சிலும் தோளிலும் வளைந்து வளைந்து பட்டைகள் ஓடுகின்றன. சில நேரம் பச்சையும் ஊதாவும் கலந்து வரும். இதற்கு மொய்ரே என்று பெயர். மெல்லிய கோடு, சின்னக் கட்டம், நெருக்கமான நெசவு ஆகியவற்றின் வரிசையும் கேமரா சென்சாரிலுள்ள பிக்சல் வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது வடிவம் ஒன்று பிறக்கிறது. கூர்மை கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று லோ பாஸ் ஃபில்டர் (சென்சாருக்கு முன்னால் நுணுக்கங்களை லேசாக மங்கவைக்கும் தகடு) இல்லாமல் வரும் கேமராக்களில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம்.

முதலில் இது நிஜமா என்று பாருங்கள். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். கோடுகள் மறைந்துவிட்டால், திரைக்காகப் படத்தைச் சுருக்கியதில் வந்த போலி அது. மூலப் படம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இணையதளத்துக்காகச் சுருக்கும்போது அதே போலி மறுபடி வரலாம் என்பதால், இறுதி அளவிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெரிதாக்கிய பிறகும் கோடுகள் இருந்தால் கேமராவை ஒன்றிரண்டு அடி முன்னாலோ பின்னாலோ நகர்த்துங்கள். சென்சாரில் விழும் நெசவின் அளவு மாறும்போது மொய்ரே பெரும்பாலும் கலைந்துவிடும். ஆளைச் சற்றுத் திருப்பி நிற்க வைத்தாலும் மாறும். அதிலும் போகவில்லை என்றால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 16 பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டுமொத்தக் கூர்மை சற்றுக் குறையும், கோடுகளும் அதோடு மங்கும். எதுவும் பலிக்காவிட்டால் மட்டும் சட்டையை மாற்றுங்கள். எடிட்டிங் மென்பொருளில் மொய்ரே நீக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது பச்சை, ஊதா நிறத்தைத்தான் நன்றாக எடுக்கும். வெளிச்சமும் இருட்டுமாக ஓடும் பட்டைகள் அங்கேயே நிற்கும்.

படம் முழுக்கக் குறுக்கே பட்டை பட்டையாக, சுவரிலும் முகத்திலும் சேர்ந்து ஓடினால் அது மொய்ரே இல்லை. அறையின் எல்இடி விளக்குகள் துடிப்பதால் வருவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் அந்த விளக்குகள் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120. சத்தமில்லாமல் எடுக்க எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

குறை: தாடைக்கு அடியிலோ ஒரு கன்னத்திலோ நிறம் ஏறியிருக்கிறது

தாடையின் அடியில் பச்சை, இல்லாவிட்டால் கழுத்து முழுக்க ஆரஞ்சு. மேக்கப்பைக் குறை சொல்வதற்கு முன் வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறது என்று பாருங்கள். பளிச்சென்ற சட்டை தன் நிறத்தை மேல்நோக்கி அடிக்கும். புல்தரையில் உட்கார்ந்தால் பச்சை வரும், வண்ணச் சுவரை ஒட்டி நின்றால் சுவரின் நிறம் அந்தப் பக்கக் கன்னத்தில் ஏறும். சுவரைவிட்டு நாலைந்து அடி தள்ளி நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, படத்தில் தெரியாத இடத்தில் வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றைப் பிடியுங்கள். புல்தரை என்றால் காலடியில் வெளிர் நிறத் துணியை விரித்துவிட்டு இடுப்புக்கு மேல் எடுக்கலாம்.

முகத்தின் ஒரு பாதி நீலம், மறு பாதி மஞ்சள் என்றால் இரண்டு வகை வெளிச்சம் கலந்திருக்கிறது. ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம் 5500 கெல்வின் அளவில் இருக்கும், வீட்டு மஞ்சள் பல்பு 2700 பக்கம். இரண்டையும் ஒரே ஒயிட் பேலன்ஸால் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கேமரா செய்யும் சரிக்கட்டல்) சரிசெய்ய முடியாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். அறை விளக்குகளை அணையுங்கள், அவ்வளவுதான். "விளக்கு எரிந்தால்தான் இடம் உயிரோடு இருக்கும்" என்று கடை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு. அப்படியென்றால் விளக்குகள் பின்னணியில் மட்டும் இருக்கட்டும், முகத்தில் விழக் கூடாது.

குறை: முகம் மட்டும் வெளுத்து, கழுத்து வேறு நிறத்தில்

ஃபிளாஷ் போட்டால் வருகிறது, ஜன்னல் வெளிச்சத்தில் வருவதில்லை என்றால் காரணம் மேக்கப்பில் இருக்கிறது. எஸ்பிஎஃப் உள்ள பவுண்டேஷனிலும் சன்ஸ்கிரீனிலும் டைட்டானியம் டை ஆக்சைடு, சிங்க் ஆக்சைடு போன்றவை இருந்தால் ஃபிளாஷ் வெளிச்சத்தை நேராகத் திருப்பி அனுப்பும். சிலிக்கா அதிகமுள்ள பவுடரும் இதையே செய்யும், கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டாக நிற்கும். கேமரா மேலேயே மாட்டிய ஃபிளாஷில் இது மோசமாகத் தெரியும். ஃபிளாஷைப் பக்கவாட்டில் கொண்டுபோனால் குறையும். ஷூட்டுக்கு முன்னால் போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தாலே முன்கூட்டித் தெரிந்துவிடும். மேக்கப் செய்பவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு படத்தை எடுத்துவிடுங்கள்.

நெற்றியும் மூக்கும் பளபளத்தால் மேலும் மேலும் பவுடர் போடாதீர்கள். முதலில் எண்ணெயை ஒற்றியெடுக்கும் தாளால் ஒற்றுங்கள், அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் பவுடர்.

குறை: வெள்ளை வெள்ளையாக இல்லை, கறுப்பு கறுப்பாக இல்லை

வெள்ளைச் சட்டை அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறதா? கேமராவின் மீட்டர் தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். ஃபிரேம் நிறைய வெள்ளை இருந்தால் இருட்டாக்கும், நிறையக் கறுப்பு இருந்தால் வெளிறவைக்கும். வெள்ளைக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) கூட்டுங்கள், கறுப்புக்கு ஒரு ஸ்டாப் குறைத்துவிடுங்கள். கூட்டும்போது சட்டையின் மடிப்பும் தையலும் தெரிகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். ஒரேயடியாக வெளுத்துப் போனதை யாராலும் மீட்க முடியாது.

வெள்ளையில் நீலம் தட்டினால் அது வேறு கதை. பல வெள்ளைத் துணிகளிலும் சலவைத் தூள்களிலும், புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிடும் பொருள் இருக்கிறது. வெயிலிலும் சில ஃபிளாஷ்களிலும் அது மின்னும். இரண்டு பேர் வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒருவர் நீலமாகவும் மற்றவர் மஞ்சளாகவும் தெரிவது இதனால்தான். சுத்த வெள்ளைக்குப் பதில் தந்த நிறமோ பால் வெள்ளையோ எடுத்தால் இந்த வம்பே இல்லை. தோலின் நிறத்துக்கும் அதுதான் பெரும்பாலும் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

கறுப்புக் கோட் பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரிவதும் உண்டு. சில செயற்கை இழைத் துணிகள் அகச்சிவப்புக் கதிரை நிறையத் திருப்பி அனுப்பும், கேமரா அதில் கொஞ்சத்தைச் சிவப்பாகப் பதிவு செய்யும். 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் இது பெரிய விவகாரமாகி, லென்ஸுக்கு முன்னால் மாட்ட அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர்களை அந்த நிறுவனமே கொடுத்தது. இப்போதைய கேமராக்களில் மிகக் குறைவு. ஹாலஜன் விளக்கில் எடுத்தால் எட்டிப் பார்க்கும். எல்இடிக்கோ ஃபிளாஷுக்கோ மாறுங்கள்.

குறை: தலை மட்டும் மிதக்கிறது

அடர் உடை, அடர் பின்னணி, தோள் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஆளைப் பின்னணியிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் கொண்டுவந்து, பின்னணிக்குத் தனியாகக் கொஞ்சம் வெளிச்சம் கொடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்க ஓரத்திலிருந்து ஒரு சின்ன லைட்டைத் தோளின் விளிம்பில் விழ விடுங்கள். கறுப்புத் தலைமுடி உள்ளவர்களுக்கு இந்த ஓர வெளிச்சம் இரட்டை லாபம். ஆனால் பறக்கும் முடி ஒவ்வொன்றையும் அது காட்டிக் கொடுக்கும். ஹேர் ஸ்பிரேயைத் தலையில் அடிக்காமல் பிரஷில் அடித்து, மேலாக வருடிவிடுங்கள்.

குறை: உடை தொளதொள, ஆள் பருமன், மூக்கு பெரிது

இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லக் காரணம், "இந்த டிரஸ் எனக்குச் செட் ஆகல" என்ற புகாருக்குள் மூன்றும் கலந்து வருவதுதான்.

முதலில் தூரம். போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்கு ஈடானது. அதைக் கொண்டு முகத்தை நிரப்ப வேண்டுமென்றால் மிக அருகில் போக வேண்டியிருக்கும். அருகில் போனால் கேமராவுக்கு முன்னால் இருப்பது பெருக்கும்: மூக்கு, முன்னால் நீட்டிய கை, சாய்ந்து உட்கார்ந்தால் முழங்கால். லென்ஸைவிடத் தூரம்தான் இதைத் தீர்மானிக்கிறது. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். கேமரா என்றால் 85 மி.மீ. பக்கம் வசதி. முழு உருவப் படத்தில் கேமராவைக் கண் உயரத்தில் வைத்தால் கால் குட்டையாகத் தெரியும். இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள்.

தூரம் சரியாக இருந்தும் தொளதொளவென்று இருந்தால் அப்போது உடையைத் தொடலாம். முதுகுப் பக்கம் துணியைத் திரட்டி இரண்டு கிளிப் போட்டால் முன்பக்கம் அளவெடுத்துத் தைத்ததுபோல் ஆகிவிடும். விளம்பரப் படங்களில் மாடலைச் சுற்றிப் போய்ப் பார்த்தால் முதுகெல்லாம் கிளிப்பாகத்தான் இருக்கும். கிளிப்பைத் தோளிலிருந்து இடுப்பு வரை நடு முதுகில் வரிசையாகப் போடுங்கள். ஒரே இடத்தில் இறுக்கினால் முன்னால் மடிப்பு விழும். தோள் தையல் தோள்பட்டையைத் தாண்டித் தொங்கினால் கிளிப் உதவாது. அந்த உடையை விட்டுவிடுங்கள்.

வெளிர் நிற உடைக்குள் வெள்ளை உள்ளாடை போட்டால் அதன் விளிம்பு தெரியும், தோல் நிறத்தில் போட்டால் தெரியாது. பின்னாலிருந்து லைட் வந்தால் மெல்லிய துணி ஊடுருவித் தெரியும் என்பதையும் ஒரு சோதனைப் படத்தில் பார்த்துவிட வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

குறை: இஸ்திரி போட்டும் கசங்கல்

பக்கவாட்டில் வரும் கடினமான வெளிச்சம் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் போடும். லைட்டை முன்பக்கம் கொண்டுவந்து, சாஃப்ட்பாக்ஸ் போட்டு மென்மையாக்கினால் பாதிக் கசங்கல் மறையும். மீதியை, உடை உடம்பில் இருக்கும்போதே நீவி, கீழ்விளிம்பை இழுத்துவிட்டுச் சரிசெய்யலாம். உடம்பில் இருக்கும் துணிமேல் ஸ்டீமரைக் காட்டாதீர்கள், தோல் வெந்துவிடும். லினன் கசங்கத்தான் செய்யும். அது பிடிக்காது என்றால் லினன் வேண்டாம். ஷூட்டுக்கு உடையைப் போட்டுக்கொண்டு வண்டியில் வராமல், இடத்துக்கு வந்த பிறகு மாற்றிக்கொள்வது பெரிய வித்தியாசம் தரும்.

குறை: மூக்குக் கண்ணாடியில் ஜன்னலோ லைட்டோ தெரிகிறது

வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். லைட்டை உயர்த்துங்கள், சற்றுப் பக்கம் தள்ளுங்கள். அப்படியும் இருந்தால் கண்ணாடியின் காதுப் பக்கக் கம்பியை அரை அங்குலம் மேலே தூக்கி வைத்தால் கண்ணாடி லேசாகக் கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு ஃபிரேமுக்கு வெளியே போகும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டிருந்தால், வெளியே எடுக்கும்வரை நிழலில் நிற்க வையுங்கள், அல்லது ஒரே ஃபிரேமில் பவர் இல்லாத வேறு கண்ணாடி கைவசம் இருக்கட்டும்.

குறை: பிராண்டு நிறம் படத்தில் வரவில்லை

பிராண்டு ஷூட்டில் வாக்குவாதம் அதிகம் நடப்பது இங்கேதான். லோகோவில் இருக்கும் நீலமும் டி-ஷர்ட்டின் நீலமும் கடையில் ஒன்றாக இருந்தன, படத்தில் வேறு வேறாக இருக்கின்றன. சாயங்கள் வேறாக இருந்தால் ஒரு விளக்கில் பொருந்தும் நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். துணியையும் அச்சிட்ட லோகோவையும் ஷூட் நடக்கப்போகும் அதே லைட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முந்தைய நாளே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஷூட்டில் ஒவ்வொரு லைட் மாற்றத்துக்கும் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள், எடிட் செய்பவருக்குத் தொடங்க ஓர் இடம் கிடைக்கும்.

அடர் சிவப்பு தனி ரகம். முகம் சரியாக இருக்கும், சட்டை மட்டும் மடிப்பே இல்லாத சிவப்புத் திட்டாக இருக்கும். கேமரா தனித்தனியாகப் பதியும் சிவப்பு, பச்சை, நீலத்தில் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்ததால் வருவது. மொத்த ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) தெரியாது, மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

படம் லேப்டாப்பில் நன்றாக இருந்து, ஏற்றிய பிறகு சப்பென்று ஆகிவிட்டதா? அடோபி ஆர்ஜிபி என்ற நிற முறையில் சேமித்திருப்பார்கள். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபியில் ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். உடையில் எந்தத் தப்பும் இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் படம் கூச்சலிடுவதுபோல் இருந்தால், பிராண்டு நிறம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. சுவர், சட்டை, கோப்பை, பேனா எல்லாமே அதே நிறம். ஏதாவது ஒன்றில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடக்கமான நிறத்துக்கு இறக்குங்கள். குழுப் படத்திலும் இதே கதைதான்: ஒருவர் மட்டும் பளிச்சென்ற சிவப்பில் இருந்தால் அவர்தான் முதலாளி என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். எல்லோருக்கும் ஒரே சட்டை கொடுத்தால் சீருடை ஆகிவிடும். ஒரே குடும்பத்து நிறங்களில் வெவ்வேறு அடர்த்தி போதும்.

குறை: கைகளுக்கு வேலை இல்லை

லேப்டாப்பைத் திறந்து வைத்துச் சிரிப்பது, காலிக் கோப்பையைப் பிடிப்பது இரண்டும் பார்த்த மாத்திரத்தில் பொய் என்று தெரிந்துவிடும். அவர் நிஜமாகவே தினமும் தொடும் பொருளைக் கொடுங்கள், அதை வைத்து நிஜமாகவே வேலை செய்யச் சொல்லுங்கள். தையல்காரர் என்றால் அளவெடுக்கட்டும். கணக்காளர் என்றால் காகிதத்தில் எழுதட்டும். கைகள் ஃபிரேமுக்குள் வந்தால் நகத்தையும் பாருங்கள்.

குறை: படம் நன்றாக இருக்கிறது, வைக்க வேண்டிய இடத்தில் பொருந்தவில்லை

லிங்க்ட்இன் பேனர் 1584 × 396 பிக்சல், அதாவது ஒன்றுக்கு நாலு. ஸ்டோரி 9:16, செங்குத்து. ஒரே படத்தை இரண்டுக்கும் வெட்டினால் ஒன்றில் தலை போகும், இன்னொன்றில் பக்கத்து ஆள் போவார். எங்கே போடப் போகிறோம் என்பதை முன்பே எழுதி வைத்து, ஒவ்வொரு அமைப்பிலும் ஒரு படத்தைச் சுற்றிலும் நிறைய இடம் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து வரப்போகும் பக்கத்தில் செடி, சட்டகம் எதுவும் வேண்டாம்.

குறை: "எல்லாம் சரி, ஆனா இது நான் இல்லை"

உடையை மாற்றுவதற்கு முன் படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டுங்கள். நாம் தினமும் பார்க்கும் நம் முகம் கண்ணாடியில் உள்ளது. வகிடும் லேசாகக் கோணிய சிரிப்பும் மறுபக்கம் போனால் அந்நியமாகத் தெரியும். மிட்டா, டெர்மர், நைட் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் தங்களுடைய கண்ணாடி பிம்பத்தை விரும்பினார்கள், அவர்களுக்கு நெருக்கமானவர்களோ நேரான படத்தை விரும்பினார்கள். திருப்பிய படம் பிடித்துவிட்டால் உடையில் கோளாறு இல்லை. அதற்காகத் திருப்பிய படத்தையே வெளியிட்டுவிடாதீர்கள், பொத்தான் பட்டி பக்கம் மாறும், பின்னாலிருக்கும் எழுத்து இடவலம் மாறும். தேர்வு செய்யும் பொறுப்பை அவரை நன்கு தெரிந்த இருவரிடம் கொடுங்கள்.

திருப்பியும் பிடிக்கவில்லை, நெருங்கியவர்களும் "இவர் இப்படி டிரஸ் பண்ண மாட்டாரே" என்கிறார்கள் என்றால், அப்போது உடையை மாற்றுங்கள். ஷூட்டுக்கென்றே வாங்கிய புது உடையைக் கழற்றிவிட்டு, அவர் வேலைக்குப் போட்டுப் பழகிய ஒன்றை எடுங்கள். பையில் அப்படி ஒன்று எப்போதும் இருக்கட்டும், இஸ்திரி போட்டு.